பதினெட்டு வயது கடந்த மாற்றுத்திறனாளி மாணவிக்காகக் கல்லூரியில் யார் பேசுவது?

குடியாத்தத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. உங்கள் தங்கைக்கு இருபது வயது. மூளை முடக்குவாதம் உள்ளவர். வேலூரில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வாக்கர் துணையோடு நடக்கிறார். பேச்சு குழறும் என்றாலும் சற்று நேரம் கொடுத்தால் சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்லிவிடுவார். வகுப்பு இரண்டாம் மாடியில் நடக்கிறது. தேர்வில் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று மனு கொண்டு போனதற்கு, 'சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்கி வந்து அப்பா கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவோம்' என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் உங்கள் சித்தப்பா மகனோ, பதினெட்டு வயது முடிந்தால் பெற்றோருக்கே பேச உரிமை கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சான்றை வாங்கத்தான் வேண்டுமா, தங்கைக்காக நீங்கள் பேசலாமா, கல்லூரி எதுவரை செய்தாக வேண்டும், மறுத்தால் எங்கே போவது என்பவை உங்கள் கேள்விகள்.

சான்று வேண்டாம், அதற்காக அலையவும் வேண்டாம். 1875ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டப்படி பதினெட்டு வயது நிறைந்த அன்றே உங்கள் தங்கை தம் காரியங்களுக்குத் தாமே பொறுப்பாளர் ஆகிவிட்டார். உடல் குறைபாடோ பேச்சுக் குறைபாடோ அந்த நிலையை மாற்றுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19) இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. அதன் 13ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களைப் போலவே வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் சட்டத் தகுதி உண்டு. முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் உதவியாளரை அவரே வைத்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டை அவரே மாற்றலாம், வேண்டாம் என்றால் கலைத்தும் விடலாம். உதவுபவர் தம் விருப்பத்தை அவர் மேல் திணிக்கக் கூடாது. பணம், சொத்து போன்ற பொருளாதாரப் பரிவர்த்தனை ஒன்றில் உதவுபவரின் நலனும் அவருடைய நலனும் மோதினால் அந்தப் பரிவர்த்தனையில் உதவுபவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியை அண்ணன்மார்களும் அப்பாக்களும் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 'வேலூருக்குத் தினம் பஸ்ஸில் போய் வருவது கஷ்டம், வீட்டிலிருந்தே தபாலில் படிக்கட்டும்' என்று குடும்பம் முடிவு செய்யும்போது, அது தங்கையின் வசதிக்காகவா, கொண்டுபோய் விட்டு அழைத்துவரும் நம் வசதிக்காகவா என்ற கேள்வியையும் அந்த விதியின் உணர்வோடுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதுகாவலர் சான்று என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலுவலக உதவியாளர் அதை வேண்டுமென்றே இட்டுக்கட்டவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கானது. பதினெட்டு வயது நிறைந்தவருக்குப் பாதுகாவலர் தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர் அளவிலான குழு அதை விசாரித்து நியமிக்கும். மூளை முடக்குவாதம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து, அந்தக் குறைபாடு உள்ள எல்லோருக்கும் பாதுகாவலர் கட்டாயம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இவருக்குப் பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா, எந்தக் காரியத்துக்காகத் தேவை என்று குழு முதலில் பார்த்தாக வேண்டும். கணக்குப் பதிவியல் தாளில் தேர்ச்சி பெறும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தேவை எங்கிருந்து வரும்?

தேவையில்லாமல் அதை வாங்கி வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று அப்பா கேட்கலாம். கெடுதல் உண்டு. பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாளைக்கு உங்கள் தங்கை வங்கித் தேர்வு எழுதி வேலைக்குப் போகும்போதோ, தம் பெயரில் கடன் கேட்கும்போதோ, திருமணம் பற்றிப் பேச்சு வரும்போதோ, 'இவருக்குப் பாதுகாவலர் இருக்கிறார்' என்ற அந்தத் தாள் அவருக்கு எதிராகவே எடுத்து நீட்டப்படும். ஒரு தேர்வு மனுவுக்காக வாழ்நாள் முழுதும் கூட வரும் அப்படியொரு தாளை யாரும் வாங்கி வைக்கக் கூடாது. 2016 சட்டத்தின் 14ஆவது பிரிவில் 'வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்' என்ற ஏற்பாடும் இருக்கிறது. அதுகூட, போதிய உதவி கொடுத்துப் பார்த்தும் சட்டப்படி கட்டுப்படுத்தும் முடிவை எடுக்க முடியாத நிலையில், குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும், அந்த நபரைக் கலந்துகொண்டு அவருடைய விருப்பப்படி நடக்க வேண்டிய கூட்டு முடிவு முறை. கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த வழிகள் பயன்படும். அவர்களை இந்தப் பதில் தடுக்கவில்லை. மனநலச் சிகிச்சையில் இருக்கும் மாணவர்கள் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவரைத் தம் சார்பாளராக நியமித்துக்கொள்ளலாம், ஆனால் அவருடைய அதிகாரம் சிகிச்சை சார்ந்தது. பாடம் மாற்றவோ கல்லூரியை விட்டு நிறுத்தவோ அதைக் காட்ட முடியாது.

உங்கள் சித்தப்பா மகன் சொன்னது அவர் இருக்கும் நாட்டைப் பொறுத்துப் பெருமளவு சரி. அங்கே பள்ளியில் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்குத் தனித் திட்டம் எழுதப்படுகிறது. அதன் கூட்டங்களில் முடிவு செய்யும் உரிமை வயது வந்ததும் பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறும் வகையில் மாநிலங்கள் விதி செய்யலாம். மாறுகிற இடங்களில், அதற்கு ஓராண்டு முன்பே மாணவருக்கு அதைச் சொல்லிவைக்க வேண்டும். கல்லூரிக்குப் போய்விட்டால் அந்தச் சட்டமே பொருந்தாது. பாகுபாட்டுக்கு எதிரான வேறு சட்டங்கள்தான், அதுவும் மாணவரே கேட்டால்தான். நம்மிடம் சட்டம் கட்டாயமாக்கிய அப்படிப்பட்ட தனித் திட்டமோ, உரிமை கைமாறும் நாளை முன்கூட்டிச் சொல்லும் வழக்கமோ இல்லை. அதனால்தான் பதினெட்டாவது பிறந்தநாள் வீட்டிலும் கல்லூரியிலும் யாரும் கவனிக்காமலே போய்விடுகிறது. இருபது வயதுப் பெண்ணின் மனுவில் அப்பாவின் கையெழுத்தைத் தேடுகிறார்கள்.

அப்படியானால் நீங்கள் பேசவே கூடாதா என்றால், பேசலாம். ஆனால் அவர் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்து, முடிந்தவரை அவர் அருகில் இருக்கும்போது பேசுங்கள். 'என் தேர்வு வசதி தொடர்பாக என் அண்ணன் என்னுடன் வந்து பேசவும், கடிதங்களை வாங்கவும் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். முத்திரைத் தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம்.

இதில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியின் குறைதீர்ப்புக் கூட்டத்துக்குப் பேச்சு குழறும் ஒரு மாணவரும் அவருடைய தந்தையும் வந்திருந்தார்கள். தலைவர் நல்லவர்தான். கேள்வியை மாணவரைப் பார்த்துக் கேட்பார். மாணவர் வாயெடுத்து முதல் சொல் வருவதற்குள் பார்வை தந்தையிடம் போய்விடும். தந்தையும் தயாராக வைத்திருந்த பதிலைச் சொல்லிவிடுவார். குறிப்பேட்டில் 'மாணவர் தரப்பில் தெரிவிக்கப்பட்டது' என்று பதிவானவை எல்லாம் தந்தை சொன்னவை. நாற்காலிகளை மாற்றிப் போட்டு, தந்தையை மாணவருக்குச் சற்றுப் பின்னால் உட்காரச் சொன்ன பிறகுதான், அந்த மாணவர் கேட்டது வேறொன்று என்பது தெரிந்தது. தந்தை கூடுதல் நேரம் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். மாணவருக்கோ நேரம் போதுமானதாக இருந்தது, தனக்குப் பழகிய எழுத்தர் (தேர்வில் சொல்வதை எழுதுபவர்) ஒருவரையே எல்லாத் தாளுக்கும் கொடுங்கள் என்பதுதான் அவர் கோரிக்கை. நீங்களும் கூட்டத்துக்குப் போனால் பின்னால் உட்காருங்கள். அவர் சொல்வது மற்றவர்களுக்குப் புரியாதபோது, அவர் சொன்ன அதே சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள். குழுவினரைக் கேள்விகளை முன்னதாகவே எழுத்தில் தரச் சொல்வதும், பதிலைச் செல்பேசியில் தட்டச்சு செய்து காட்டுவதும் எல்லோருக்கும் எளிது.

கல்லூரி செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடின்றிச் சேர்க்கவும், கட்டடத்தையும் வளாகத்தையும் எளிதில் அணுகத்தக்கதாக ஆக்கவும், தனிநபரின் தேவைக்கேற்ற தக்க வசதியைச் செய்து தரவும் அரசு முயல வேண்டும் என்கிறது. 'முயல வேண்டும்' என்று எழுதி வைத்ததில் சட்டத்தின் பலவீனம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 3ஆவது பிரிவு அப்படி மழுப்பவில்லை: நியாயமான நோக்கத்துக்குத் தகுந்த அளவான வழி அது என்று காட்டினாலொழிய, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது. தக்க வசதியை மறுப்பதும் பாகுபாடே என்று சட்டத்தின் வரையறைப் பகுதியே சொல்கிறது. தக்க வசதிக்கு ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மீறிய சுமையை நிறுவனத்தின் மேல் ஏற்ற முடியாது. மின்தூக்கி போடு என்றால் பணமில்லை என்று நிர்வாகம் அந்த எல்லைக்குள் நின்று வாதாடலாம். இரண்டாம் ஆண்டு பி.காம். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்று என்றால் என்ன வாதம் இருக்கிறது? கால அட்டவணையில் அறை எண்ணை மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். அதனால் முதல் மனுவில் மின்தூக்கியைக் கேட்காமல் அறை மாற்றத்தைக் கேளுங்கள். கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, வாக்கர் அதன் கதவுக்குள் நுழையுமா என்பதையும் தங்கையிடம் கேட்டு அதே மனுவில் எழுதச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமலே கல்லூரிக்கு வருவது இதனால்தான். அதை எந்த ஆய்வுக் குழுவும் எழுதுவதில்லை.

உங்கள் தங்கை படிப்பது உதவி பெறும் கல்லூரி என்பதால் 32ஆவது பிரிவும் பொருந்தும். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும், சேர்க்கைக்கான உச்ச வயதில் ஐந்தாண்டு தளர்வும் தர வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளுக்கு இந்த ஒதுக்கீடு நேரடியாக வராது. ஆனால் பாகுபாடு கூடாது என்பதும் கட்டட அணுகல் தொடர்பான விதிகளும் தனியாருக்கும் உண்டு.

தேர்வில் சொல்வதை எழுதுபவர் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவற்றில் குறிப்பிட்ட அளவு (40 விழுக்காட்டுக்குக் குறையாத) குறைபாடு உள்ளவர் கேட்டாலே எழுத்தர் தர வேண்டும் என்று இருந்தது. மற்ற வகையினர்தான் 'எழுத இயலாது' என்று அரசு மருத்துவமனையின் தலைமை அலுவலரிடம் தனிச் சான்று வாங்க வேண்டியிருந்தது. எழுத்தரைத் தாமே அழைத்து வருவதா, தேர்வு நடத்துபவரிடம் கேட்பதா என்பதைத் தேர்வெழுதுபவரே முடிவு செய்யலாம் என்றும் அவை சொல்லின. நிறுவனம் தரும் எழுத்தராக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகச் சந்தித்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். ஒரு மணி நேரத் தேர்வுக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். இயன்றவரை தரைத்தளத்தில் தேர்வு அறை. இத்தனையும் அந்த நெறிகளில் உண்டு. பாதுகாவலர் சான்று அதில் எங்கும் இல்லை. பின்னர் வந்த தீர்ப்புகளாலும், 2025 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட புதிய நெறிகளாலும் இந்த விதிகள் மாறியிருப்பதால், எழுத்தரை யார் அழைத்து வருவது, எழுத்தரின் கல்வித் தகுதி போன்ற நிபந்தனைகளுக்கு அந்தப் பருவத் தேர்வின் சுற்றறிக்கையைத் தேர்வுப் பிரிவில் கேட்டு வாங்குங்கள்.

விதி இருந்தும் அறைக்குள் என்ன நடக்கும் என்பதைப் பாருங்கள். வணிகவியல் தாளில் கட்டுரையைச் சொல்லி எழுத வைப்பது எளிது. இருப்புநிலைக் குறிப்பைச் சொல்லி எழுத வைப்பது அப்படியல்ல. எழுத்தர் வணிகவியல் அறியாதவராக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் நிபந்தனை வைக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் அவருக்குப் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. தங்கை 'அறுபதாயிரம்' என்று சொல்வது அவருக்கு 'எழுபதாயிரம்' என்று கேட்கும்; கூட்டல் உதைக்கும்; எங்கே பிழை என்று தேடுவதிலேயே கூடுதல் நேரம் முழுதும் போய்விடும். இதற்கு வழி, தொகையை இலக்கம் இலக்கமாகச் சொல்வது: ஆறு, பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம். எழுத்தர் ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசிக்க வேண்டும். தங்கை தலையசைத்த பின்பே அடுத்த வரிக்குப் போக வேண்டும். கோடு போட்ட தாளில் இடப்பக்கம், வலப்பக்கம், எத்தனையாவது பத்தி என்று சொல்லும் முறையையும் வகுத்துக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாளை வைத்து இருவரும் உட்கார்ந்து பழகினால், தேர்வு அறையில் கண்காணிப்பாளர் 'என்ன பேச்சு அங்கே' என்று அதட்டும்போதும் தடுமாற மாட்டார்கள். அந்தக் கண்காணிப்பாளருக்கும் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். தனி அறை கேட்பது இதனால்தான்.

மனு யாருக்கு என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கல்லூரி தன்னாட்சி பெற்றதானால் அதன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே முடிவெடுப்பார். இல்லையென்றால் முதல்வர் வழியாகச் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குக் கோப்பு போக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். தேர்வுக் கட்டணம் கட்டும் அறிவிப்பு வரும்போதே மனுவைக் கொடுத்துவிடுங்கள், நுழைவுச் சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், எழுத்துக் குறைபாடு உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது தவறு என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை. தேர்வு முடிந்த பிறகு கிடைக்கும் நீதி அந்த அளவில்தான் இருக்கும்.

சான்றிதழ் விஷயத்தில் வேலூர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பிறந்தது முதல் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் பார்த்திருப்போம், பை நிறைய அறிக்கைகள் இருக்கும், அதையே சான்றாக நீட்டுவோம். அந்த அறிக்கைகள் மருத்துவ ஆதாரமாகப் பயன்படும். ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் அரசு அறிவித்த மருத்துவ அதிகாரி வழியாகத்தான் கிடைக்கும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பழைய அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோங்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருப்பவர்களுக்குத் திருப்பத்தூர், ஆற்காட்டில் இருப்பவர்களுக்கு இராணிப்பேட்டை என்று அலுவலகம் மாறிவிட்டது. உங்களுக்கு வேலூரே.

40 விழுக்காடு எட்டாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்தர் கேட்ட வழக்கில், எழுத்தர் வசதியை 40 விழுக்காட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2022 ஆகஸ்டில் அவர்களுக்கும் தனி வழிகாட்டு நெறிகள் வந்தன. நம் வட்டாரத்தில் இதன் பயனை அதிகம் பெற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கரிகிரியில் சிகிச்சை பெற்றுத் தொழுநோய் முற்றும் குணமானவர்களில் சிலருக்கு விரல்கள் மடங்கியே இருக்கும், உணர்ச்சி இருக்காது. பேனாவை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது தெரியாமலே விரல் புண்ணாகிவிடும். தொழுநோய் குணமானவர்கள் என்பது சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் அடக்கம். முப்பது வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத நினைக்கும் இவர்களில் பலர் அந்த உரிமையைக் கேட்பதே இல்லை, கேட்டால் நோயைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று.

வயது வந்தபின் குறைபாட்டோடு படிப்பது வேலூருக்குப் புதிதல்ல. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவர் மருத்துவர், அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனமே நின்றது, எல்லோருக்கும் அது வாய்க்காது என்பது உண்மை. ஆனால் என்ன படிப்பது, எங்கே படிப்பது என்பதில் அவரிடம் யாரும் பாதுகாவலர் சான்று கேட்கவில்லை.

மறுத்தால் போக வேண்டிய வழி: முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அது பதினைந்து வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இதற்கு இணையாகவே சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம்; சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அல்லது ஏற்காததற்கான காரணத்தை நிர்வாகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுப்பதும் வீண் போவதில்லை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அது கோப்பாகப் போய்ச் சேரும். வழக்கறிஞர் வேண்டுமானால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று அறியத் தகவல் உரிமைச் சட்டம் போதும். எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால் பொதுத் தகவல் அலுவலரே எழுத்தில் பதிவு செய்ய உதவ வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. 2016 சட்டத்தில் தண்டனைப் பிரிவுகளும் இருக்கின்றன, ஆனால் அதே கல்லூரியில் இன்னும் ஒன்றரை ஆண்டு படிக்க வேண்டிய பெண்ணுக்கு அதை முதல் கடிதத்திலேயே காட்டுவது உதவாது.

சார்பு என்பது ஒருவருக்காக இன்னொருவர் பேசுவதோடு முடிவதில்லை. நான் மேலே சொன்ன குறைதீர்ப்புக் குழுவின் அமைப்பைப் பாருங்கள்: பெண் ஒருவராவது இருக்க வேண்டும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாணவப் பிரதிநிதியும் சிறப்பு அழைப்பாளர்தான். படிப்பிலோ விளையாட்டிலோ பிற திறன்களிலோ சிறந்தவர் என்று பார்த்து நியமிக்கப்படுகிறார். சாய்தளம் இல்லாத கட்டடத்தின் முதல் மாடியில் கூடி, சாய்தளம் பற்றி முடிவெடுக்கும் குழுக்கள் இப்படித்தான் உருவாகின்றன. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் ஏறத்தாழ 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. ஊராட்சியில் இருக்கை உண்டு, கல்லூரிக் குழுவில் இல்லை என்பது எனக்கு விந்தையாகப் படுகிறது. விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் நிர்வாகம் நியமிக்கத் தடையில்லை. கல்லூரியில் உள்ள மாற்றுத்திறனாளி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, பின்தங்கிய பிரிவு மாணவர்களின் நலனைக் கவனிக்கும் சமவாய்ப்பு மையத்தில் தங்களில் ஒருவரைச் சேர்க்கும்படி கேட்கலாம். தங்கைக்கு விருப்பம் இருந்தால் அவரே அதற்கு முன்நிற்கலாம்.

பணம் பற்றி ஒரு வரி: இலவசக் கல்வி உரிமை சட்டப்படி பதினெட்டு வயதோடு முடிகிறது, அதன்பின் உதவித்தொகைதான். மாநில அரசின் கல்வி உதவித்தொகை, மத்திய அரசின் உதவித்தொகை, கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை ஆகிய மூன்றையும் நல அலுவலகத்தில் ஒரே நாளில் கேட்டு வந்துவிடலாம்.

கடிதம் இவ்வளவு நீளம் போதும், அவர் பெயரில், அவர் குரலில் இருக்க வேண்டும்: 'நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. எனக்கு மூளை முடக்குவாதம் உள்ளது. யூடிஐடி அட்டை நகல் இணைத்துள்ளேன். வரும் பருவத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும், மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரமும், தரைத்தளத்தில் தனி அறையும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்பையும் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டுகிறேன். எனக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதாலும் பாதுகாவலர் எவரும் நியமிக்கப்படாததாலும் இந்த மனுவில் நானே கையொப்பமிடுகிறேன். மனுவை ஏற்க இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.' அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வாய்மொழியாக மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கை நடுங்கிக் கையெழுத்து ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது என்று அலுவலகத்தில் ஆட்சேபம் சொன்னால், பெயரெழுத இயலாதவர் இடும் குறியும் கையொப்பமே என்று 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் சொல்வதைக் காட்டுங்கள். பெருவிரல் ரேகை வைத்து, தெரிந்த இருவரைச் சாட்சிக் கையெழுத்திடச் செய்தால் ஆட்சேபம் நிற்காது. அந்த இரண்டு சாட்சிகளில் ஒருவராக நீங்கள் இருக்கலாம்.